கிராமத்து அரசுப் பள்ளியில் கணினி சொல்லிக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்கள், மாலையில் வகுப்பெடுக்க முன்வரும் பட்டதாரிகள், மற்ற வேலைகளோடு கணினி ஆய்வகமும் தலையில் விழுந்த ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியவை. பெரு, தில்லி, கேரளம் எல்லாம் தேவைப்படும் இடத்தில் வந்து போகும்.

எங்க பேட்ச் ஆட்கள் சேர்ந்து பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம்னு இருக்கோம். எந்த மாடல் வாங்கலாம்?

மாடலை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு வேலை நாளில் பள்ளிக்குப் போய், பூட்டியிருக்கும் அறையையும் பீரோவையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2019இல் தமிழக அரசு 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகத்தை அமைத்தது. அதற்குப் பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பல பள்ளிகளில் பொருள் இருக்கும். ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரி செத்துப் போயிருக்கும். நாலு மவுஸ் வேலை செய்யாது. ஒரு மானிட்டருக்குப் பவர் கேபிள் இருக்காது, கேட்டால் ஆண்டு விழாவுக்கு யாரோ எடுத்துப் போனார்கள் என்பார்கள். இதையெல்லாம் சரிசெய்ய ஆகும் செலவு பத்து புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் இந்தப் பணத்தைத் தரத்தான் யாரும் முன்வருவதில்லை. பேட்டரிக்கு ரிப்பன் வெட்ட முடியாது பாருங்கள்.

உண்மையிலேயே ஒன்றும் இல்லாத நடுநிலைப் பள்ளி என்றால், அலுவலகங்களில் இருந்து கழித்த பழைய டெஸ்க்டாப்களை வாங்கி, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டு, ராம் நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டினால் பள்ளி வேலைக்குத் தாராளம். பத்துக்குப் பதிலாக ஆறு வாங்குங்கள். மிச்சப் பணத்தை மேசை, நாற்காலி, யூபிஎஸ், வகுப்பெடுப்பவருக்கு மாதா மாதம் ஒரு தொகை என்று பிரியுங்கள். நன்கொடையை முறையாகக் கொடுக்க 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது.

இன்னொன்று. கொடுத்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறியதும் தலைமை ஆசிரியருக்கு ஒரு பயம் தொற்றிக்கொள்ளும்: பிள்ளைகள் உடைத்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? ஆய்வகங்கள் பூட்டிக் கிடக்க இது ஒரு பெரிய காரணம். அக்கறையின்மை என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பொருளோடு சேர்த்து, "பழுதானால் நாங்களே சரிசெய்து தருகிறோம்" என்று எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதம் பூட்டைத் திறக்கும்.

கருவி கையில் கிடைத்தாலே பிள்ளைகள் முன்னேறிவிட மாட்டார்களா?

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பெரு. 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற திட்டத்தை 2005இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே அறிவித்தார். 100 டாலருக்கு ஒரு மடிக்கணினி என்பது அப்போதைய முழக்கம். வந்தபோது விலை அதைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. பெரு அரசு எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கி, ஆண்டிஸ் மலைக் கிராமங்கள் வரை அனுப்பியது. அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, திட்டம் போன பள்ளிகளையும் போகாத பள்ளிகளையும் ஒப்பிட்டு 2012இல் முடிவை வெளியிட்டார்கள். போகாத பள்ளிகளில் மாணவருக்கு 0.12 கணினி, போன பள்ளிகளில் 1.18. அவ்வளவு வித்தியாசம் இருந்தும் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் நகரவில்லை. வடிவப் புதிர் போன்ற பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

பிள்ளைகள் கணினியைத் தொடாமல் இல்லை, நன்றாகவே தொட்டார்கள். ஆனால் ஏறக்குறைய எந்தப் பள்ளியிலும் இணையம் கிடையாது, பாடத்துக்குள் கணினியை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கும் தெளிவான வழி இல்லை.

நம் ஊரில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை இதோடு சேர்த்து வைத்து ஏசுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் கையில் சொந்தமாக ஒரு கணினியோடு போனார்கள். அது சின்ன விஷயம் இல்லை. என் குறை வேறு: பள்ளியை விட்டுக் கிளம்பும் நேரத்தில் கணினி கிடைத்தது, அதில் என்ன செய்வது என்பது அவரவர் அதிர்ஷ்டத்துக்கு விடப்பட்டது.

சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், தானாகக் கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு பேராசிரியர் நிரூபித்திருக்கிறாரே?

சுகதா மித்ரா. 1999இல் தில்லி கல்காஜியில் தன் அலுவலகச் சுவரில் ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு கணினியை வைத்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித் தராமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். 2013இல் அவருக்குப் டெட் (TED) என்ற உரைமேடை அமைப்பின் பத்து லட்சம் டாலர் பரிசும் கிடைத்தது. பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறைத்து எடை போடாதீர்கள் என்று அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இடங்களைப் பார்க்கப் போனவர்கள் வேறு சிலவற்றையும் கண்டார்கள்: பெரிய பையன்கள் முன்னால் நின்றுகொள்வார்கள், விளையாட்டும் படம் வரைவதுமாகவே நேரம் போகும், பிள்ளைகளின் மொழியில் எதுவும் இருக்காது.

அவருடைய ஆய்வுகளில் நமக்கு நெருக்கமானது புதுச்சேரி பக்கத்துக் காளிக்குப்பத்தில் நடந்தது. தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் மூலக்கூறு உயிரியலைக் கணினியில் தாங்களாகவே கற்க முடியுமா என்று பார்த்தார். தனியாக விட்டபோது தேர்வில் சுமார் 30 சதவீதம் வந்தது. பிறகு உள்ளூர்ப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்தார். அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது. பின்னால் நின்றுகொண்டு, "அட, இது எப்படிப் பண்ணினே? அடுத்தது என்ன?" என்று பாட்டி மாதிரி வியந்து கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் 50ஐத் தொட்டது. "ஆசிரியர் தேவையில்லை" என்பதற்கு இந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது: பாடமே தெரியாத ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றதற்கே 20 மதிப்பெண் கூடியது என்றால், தெரிந்த ஒருவர் தவறாமல் வந்தால் எவ்வளவு கூடும்?

இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனை நம்மைவிட நன்றாக நோண்டுகிறார்கள். புதிதாக என்ன கற்றுத் தர இருக்கிறது?

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் அசர் ஆய்வு 2023இல் கிராமப்புறத்தின் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைக் கவனித்தது. தமிழ்நாட்டில் அதற்கு எடுத்துக்கொண்ட மாவட்டம் பெரம்பலூர். நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு, இயக்கவும் தெரியும். கணினியோ மடிக்கணினியோ இருந்தது பத்தில் ஒரு வீட்டுக்கும் குறைவு. அதே ஆய்வில் நாலில் ஒரு பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தன் மொழியில் தடங்கலின்றி வாசிக்க வரவில்லை.

போன் பழகிய பிள்ளைக்கு எங்கே தட்டுகிறது என்று வகுப்பில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விடுமுறை விண்ணப்பம் தட்டச்சு செய்கிறான், அழகாக எழுத்தைப் பெரிதாக்குகிறான், நிறம் போடுகிறான். அடுத்த வாரம் வந்து, "அக்கா, என் லெட்டர் எங்க போச்சு?" என்கிறான். போனில் எடுத்த படம் தானாகவே கேலரியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு வேலைக்குப் பெயர் வைத்து, ஓர் இடத்தில் சேமித்து, திரும்ப அங்கே போய் எடுப்பது என்ற பழக்கமே அவனுக்கு வந்ததில்லை. கோப்பு, கோப்புறை, பெயரிடுதல், பிரதி எடுத்தல் ஆகிய நாலும் பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று எதைத் தொட்டாலும் இவைதான் வந்து நிற்கின்றன. சான்றிதழும் படமும் எந்த அளவில் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள்.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

ஆறாம் வகுப்பு. அதற்குக் கீழே வாசிப்புதான் முதல் வேலை. இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் தொடாதீர்கள், விடவும் மாட்டார்கள்.

நாற்பது பிள்ளைகள், பத்து கணினி. எப்படிச் சமாளிப்பது?

ஒரு கணக்குப் போடுங்கள். பாடவேளை 40 நிமிடம். வரிசையில் வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, கணினி திறப்பதற்குள் 10 போய்விடும். மீதி 30 நிமிடம், பத்து கணினி, ஆக மொத்தம் 300 நிமிடம். நாற்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏழரை நிமிடம். வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் என்றால், ஒரு பிள்ளையின் விரல் விசைப்பலகையில் இருப்பது வாரத்துக்கு அந்த ஏழரை நிமிடம் மட்டும்தான். இதில் ஆசிரியர் புரொஜெக்டரில் கால் மணி நேரம் விளக்கினால் அதுவும் பாதியாகிவிடும்.

எனக்கு இந்த ஒரு எண்தான் முக்கியம். ஆய்வகம் எத்தனை லட்சத்தில் கட்டியது, என்ன வேகத்தில் இணையம் வருகிறது என்பதை எல்லாம் பிறகு கேட்கிறேன். பிள்ளைக்கு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

அதைக் கூட்டுவதற்குச் சில வழிகள் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, இருபது பேர் ஆய்வகத்தில் இருக்கும்போது மற்ற இருபது பேருக்கு வேறு ஆசிரியர் வாசிப்பு வகுப்பு எடுக்கலாம். காலையில் முதல் ஆளாக வரும் இரண்டு பிள்ளைகளிடம் கணினிகளைத் திறந்து வைக்கும் பொறுப்பைக் கொடுத்தால் அந்த 10 நிமிடம் மிச்சம். விளக்கத்தை வகுப்பறையிலேயே கரும்பலகையில் முடித்துவிட்டு, ஆய்வகத்துக்குக் கை வேலைக்கு மட்டும் வர வேண்டும். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்பது மோசமில்லை, பேசிக்கொண்டே செய்வார்கள். மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பான்.

இரண்டு பேர் உட்காரும்போது ஒரு சட்டம் மட்டும் போடுங்கள்: தெரிந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும், தெரியாதவர்தான் மவுஸைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். ஆசிரியருக்கும் இதே சட்டம். ஒரு பிள்ளை திணறும்போது, "இங்க குடு" என்று மவுஸை வாங்கிச் செய்து காட்டிவிடத் தோன்றும். கஷ்டப்பட்டு அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் எதில் தொடங்குவது? பாடத்திட்டம் ஏதாவது உண்டா?

'கணினியின் தலைமுறைகள்' என்று ஆரம்பித்து, சீபியு, மானிட்டர் படம் வரைந்து பாகம் குறிக்க வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சார்லஸ் பாபேஜ் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தட்டி, அதைத் தன் பெயரிலேயே உள்ள கோப்புறையில் சேமிக்க வேண்டும். மவுஸ் பழக டக்ஸ் பெயிண்ட் என்ற ஓவியச் செயலி போதும், இலவசம். அதில் வரையும்போதே இழுப்பதும் விடுவதும் கைக்கு வந்துவிடும். இரட்டைச் சொடுக்குதான் ரொம்பப் படுத்தும். இரண்டு சொடுக்குக்கும் இடையில் கை நகர்ந்துவிடுவதால் திறக்காது. அமைப்பில் போய் அதன் வேகத்தைக் குறைத்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஊருக்கு உதவுகிற வேலையாகக் கொடுங்கள். பள்ளி வாசலில் நிற்கும் பேருந்துகளின் நேர அட்டவணை. சத்துணவு வாரப் பட்டியல். வகுப்பில் யார் யாருக்கு என்ன ரத்த வகை. அட்டவணைச் செயலியில் போட்டு, முடிந்தால் அச்சிட்டு, ஒட்டுங்கள். பேருந்து நேரம் தப்பாக இருந்தால் மறுநாளே யாராவது வந்து சத்தம் போடுவார்கள். பிழை திருத்தம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தமிழில் தட்டச்சு எந்த முறையில் சொல்லித் தருவது? ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக வருகிறதே, அது போதாதா?

போனில் தங்கிலீஷ் அடித்துப் பழகிய பெரியவர்களுக்கு அது வசதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. தமிழ்ச் சொல்லை முதலில் ஆங்கில எழுத்தில் யோசித்துவிட்டுத் திரும்பத் தமிழுக்கு வர வேண்டும். ஆங்கில எழுத்தே இன்னும் சரியாக வராத பிள்ளை தமிழ் எழுதவும் முடியாமல் நிற்கும்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. பிள்ளைகள் வாய்ப்பாடாகப் படிக்கும் 'மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்' என்பதுதான் இதன் இயக்கமும். 'அம்மா' வேண்டுமென்றால் அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு. ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்றால் த, ங, க, ம, புள்ளி. ங-வுக்குப் பின்னால் க வந்தால் அங்கேயும் புள்ளி தானே வரும். இனவெழுத்து என்றால் என்ன என்று இலக்கண வகுப்பில் விழிக்கும் பிள்ளை இங்கே விரலால் புரிந்துகொள்ளும். இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருட்களில் இந்த முறை இருக்கிறது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலும் உண்டு.

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ழ எங்கே என்று விசைப்பலகை முழுவதையும் ஒற்றை விரலால் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை, அது வலது கோடியில் கேள்விக்குறி விசையில் இருப்பதைக் கண்டுபிடித்ததும் 'மழை', 'பழம்', 'கிழவி' என்று விடாமல் அடிக்கும். தமிழ் எழுத்து ஒட்டிய விசைப்பலகை ஸ்டிக்கர் வாங்க முடியாவிட்டால், அமைப்பை வெள்ளைத்தாளில் வரைந்து மானிட்டர் கீழே ஒட்டுங்கள். விசைகளின் மேலேயே ஒட்டாமல் இருப்பது ஒரு வகையில் நல்லது, கண் திரையிலேயே இருக்கும்.

ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குக் கணினி வருமா?

வரும். திரையில் அடிக்கடி வரும் ஒரு நாற்பது, ஐம்பது ஆங்கிலச் சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சேவ், கேன்சல், டெலீட் எல்லாம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள்தான், எழுத்து வடிவத்தைத்தான் பழக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் முகப்பைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே போனால் எல்லாக் கணினியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் நான் முகப்பை ஆங்கிலத்திலும் வேலையைத் தமிழிலும் வைப்பேன்.

எங்கள் பள்ளியில் இணையம் இல்லை. இருந்தாலும் மழை வந்தால் போய்விடும்.

முதல் மூன்று மாதப் பாடத்துக்கு இணையமே தேவையில்லை. அதற்குப் பிறகும் நிறைய ஏற்பாடு இருக்கிறது. கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம். பென் டிரைவில் அடங்கிவிடும். கோலிப்ரி என்ற மென்பொருள் பாடக் காணொலிகளையும் பயிற்சிகளையும் ஒரே கணினியில் வைத்து, அந்த அறைக்குள் இருக்கும் மற்ற கணினிகளுக்குப் பரிமாறும். பாடநூலில் கியூஆர் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் காணொலிகளை நகரத்துக்குப் போகும் ஆசிரியர் முன்கூட்டியே இறக்கி வரலாம்.

தேடுபொறி சொல்லித் தர மட்டும் இணையம் வேண்டும். ஆசிரியரின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு ஒரே ஒரு கணினியில், எல்லோரும் பார்க்க, வாரத்துக்கு ஒருநாள் செய்தால்கூடப் போதும்.

மின்வெட்டு, தூசி, எலி?

யூபிஎஸ் கணினிக்கு மட்டும். மின்விசிறியை அதில் மாட்டினால் பேட்டரி ஒரு வருடம் தாங்காது. எலி வயரைக் கடிப்பது உண்மையான பிரச்சினைதான். வயர்களைத் தரையில் விடாமல் மேசைக்கு அடியில் கட்டித் தூக்குங்கள், அறையில் தின்பண்டம் கூடாது. கோடை விடுமுறையில் மாதம் ஒருமுறையாவது கணினிகளைத் திறந்து ஓட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். துணி போட்டு மூடி வைத்துவிட்டு ஜூனில் திறந்தால் பல்லி முட்டை இருக்கும்.

விண்டோஸா, லினக்ஸா?

பள்ளியில் எது இருக்கிறதோ அது. புதிதாகப் போடுவதானால் லினக்ஸ்: பழைய கணினியில் ஓடும், உரிமக் கட்டணம் இல்லை, பென் டிரைவில் வரும் வைரஸ் தொல்லை குறைவு. "வெளியே எல்லாம் விண்டோஸ்தானே" என்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். 2001இல் அங்கே தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, அதிலேயே ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பழக்கியது. அவர்களுக்கு வேலை கிடைக்காமல் போய்விடவில்லை.

யார் சொல்லிக் கொடுப்பது? எங்கள் பள்ளியில் கணினி ஆசிரியர் கிடையாது.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி இதுதான். கணினி தெரிந்த ஓர் ஆசிரியர் பள்ளியில் இருந்தால் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பள்ளி விவரங்களை ஏற்றும் வேலை முழுவதும் அவர் தலையில் விழும். வருகை, உதவித்தொகை விவரம், ஆதார் எண் என்று நாள் முழுதும் அந்தக் கணினி முன்னால்தான் அவரும் இருப்பார், பிள்ளைகளோடு இருக்க முடியாது. அவரைக் குறை சொல்வதில் பலனில்லை.

ஊரிலேயே பாருங்கள். இளங்கலை முடித்துவிட்டு, திருமணமாகி, கைக்குழந்தை வளர்ந்து, வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அவர்களை நம்பித்தான் நடந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பை அவர்கள் நடத்திக் காட்டினார்கள். அப்படி ஒருவருக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து, மாதா மாதம் தவறாமல் ஒரு தொகை கொடுங்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சனிக்கிழமை வந்து ஒரு நாள் முழுதும் வகுப்பெடுத்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் பொங்கலுக்கு வரும் பொறியாளரைவிட, உள்ளூரில் வாரம் மூன்று நாள் வரும் பி.காம். படித்த அக்காதான் தேவை. பொறியாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த அக்காவுக்கு இரவு எட்டு மணிக்குப் போனில் சந்தேகம் தீர்த்து வைக்கும் வேலை உங்களுக்குக் காத்திருக்கிறது.

பிள்ளைகளையும் பொறுப்பாக்கலாம். கேரளத்தில் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் எட்டாம் வகுப்பிலேயே தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பள்ளியின் கணினிகளைக் கவனித்துக்கொள்வதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதைத் தொடங்க அரசாணை எதுவும் வேண்டாம், உங்கள் பள்ளியில் ஆறு பிள்ளைகளோடு நாளைக்கே தொடங்கலாம்.

பெண் பிள்ளைகள் பின்னால் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

அதே அசர் ஆய்வில், போன் இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8. வீட்டில் போன் இருந்தாலும் அது அண்ணன் கையில்தான் இருக்கிறது. ஆகவே பையன் ஏற்கெனவே பழகிய கையோடு ஆய்வகத்துக்கு வருகிறான், பெண் புதிதாக வருகிறாள். ஒரே கணினியில் உட்கார வைத்தால் மவுஸ் யாரிடம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. பெண்களைப் பெண்களோடு ஜோடி சேருங்கள். பள்ளி நேரத்துக்குள் வகுப்பை வையுங்கள். ஐந்து மணிக்கு மேல் என்றால் கடைசிப் பேருந்து, தண்ணீர் பிடிக்கும் வேலை, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். ஆய்வகச் சாவியை ஒரு பெண் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் அவளிடம் வந்து கேட்டு நிற்கும்போது நிலைமை தானாக மாறும்.

கோடிங், செயற்கை நுண்ணறிவு எல்லாம் இப்போது சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்களே?

கோடிங்குக்கு, அதாவது நிரல் எழுதப் பழக, ஸ்கிராட்ச் என்ற மென்பொருள் போதும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். திரையில் வரும் பூனையை நடக்க வைப்பதில் தொடங்கி, பேனா வசதியைச் சேர்த்துக் கோலம் போட வையுங்கள்: இத்தனை அடி போ, 90 பாகை திரும்பு, நாலு முறை திரும்பச் செய். சதுரம் வந்ததும் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அடுக்கினால் பூக்கோலம் மாதிரி விரியும். எத்தனை பாகை திருப்பினால் வட்டம் சரியாக மூடும் என்று பிள்ளைகள் தாங்களே 360ஐ வகுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். கணக்கு ஆசிரியரை அன்றைக்கு அறைக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு 13 வயதுக்குக் கீழே கணக்குத் தொடங்க அனுமதி இல்லை. ஆசிரியரின் கணினியில் எல்லோரும் பார்க்கச் செய்யலாம். உங்கள் ஊர் ஏரிக்கு எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அம்மன் கோயில் திருவிழா எந்த மாதம் என்று கேளுங்கள். தயக்கமே இல்லாமல் எதையாவது தப்பாகச் சொல்லும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதன் பிறகு வரலாற்றுப் பாடத்தில் அது சொல்வதை அப்படியே எழுதிக் கொண்டுவரும் பழக்கம் கொஞ்சம் குறையும்.

பாதுகாப்பு? பெற்றோர் பயப்படுகிறார்கள்.

பயப்படுவதில் நியாயம் உண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது, கடவுச்சொல்லைத் தோழியிடம்கூடத் தரக் கூடாது, யாராவது படம் அனுப்பச் சொல்லி மிரட்டினால் அது உன் தப்பில்லை, உடனே பெரியவரிடம் சொல் என்ற மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் போட்டுச் சொல்லாமல் மாதம் ஒருமுறை சாதாரணமாகப் பேசுங்கள். பணம் போன இணைய மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 ஆகிய எண்கள் ஆய்வகச் சுவரில் இருக்கட்டும்.

தன்னார்வலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுவதை நிறுத்துங்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் பிள்ளைகள் செய்த வேலையைப் படமெடுத்து அனுப்பலாம்.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, பக்கத்தில் யாரும் இல்லாமல், இருபது நிமிடத்தில் மூன்று வேலை கொடுங்கள். தமிழில் ஐந்து வரிக் கடிதம் தட்டி, பெயரிட்டுச் சேமித்து, பென் டிரைவுக்கு மாற்ற வேண்டும். பத்துப் பேரின் மதிப்பெண்ணை அட்டவணையில் போட்டுக் கூட்ட வேண்டும். கிவிக்ஸிலோ இணையத்திலோ ஒரு கேள்விக்கு விடை தேடி, எங்கிருந்து எடுத்தோம் என்றும் சொல்ல வேண்டும். ஜோடியாக அசத்திய பிள்ளை தனியாகத் திணறுவதை இங்கேதான் பார்ப்பீர்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு அடுத்த மாதம் அவர்களுக்கு முதலில் நேரம் கொடுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எப்போது தொடங்கலாம்?

தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளியாட்கள் வகுப்பெடுக்க அவரும் மேலிடத்தில் கேட்டாக வேண்டியிருக்கும். கொஞ்சம் தாமதமானால் முகம் சுளிக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாகப் போட்டுவிட்டால், தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் வேலை நிற்காது.

ஜூனில் சேர்க்கை, புத்தக விநியோகம் என்று பள்ளி பரபரப்பாக இருக்கும். பிப்ரவரி வந்தால் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு. ஆய்வகத்துக்குள் உங்களுக்கு இடமே இருக்காது. ஜூலை முதல் ஜனவரி வரைதான் கைக்குக் கிடைக்கும் மாதங்கள். அதிலும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு, விடுமுறை, நவம்பர் மழையைக் கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். ஜனவரி கடைசியில் நினைவு வந்தால் அந்த ஆண்டு வேண்டாம். வகுப்பெடுக்கப் போகும் உள்ளூர் ஆளைத் தேடிப் பிடித்து, அவருக்குப் பயிற்சி கொடுக்க அந்த மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள்.